ஈர மணலின் எடை

மார்ச் 4

இன்றும் எடை இறங்கவில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து முள் அசையவே இல்லை. லாரிகளை எடைமேடையில் ஏற்றி எடை போட்டே ஓய்வு பெற்றவன் நான்; எடையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மனைவி முட்டையோடு பின்னாலேயே வந்தாள். எடைதான் அப்படியே இருக்கிறதே என்று தட்டைத் தள்ளிவிட்டேன். எதை வாயில் வைத்தாலும் துருப்பிடித்த ஆணியைச் சப்புவது போல இருக்கிறது. அதை அவளிடம் சொல்லவில்லை.

மார்ச் 7

டீ, பிஸ்கட். போதும்.

மார்ச் 11

குளியலறை ஸ்டூலிலிருந்து எழ முடியவில்லை. கதவைத் தட்டி அவளைக் கூப்பிட வேண்டியதாயிற்று. எடை அதேதான். பிறகு ஏன்?

மார்ச் 13

மருத்துவமனையில் உணவு ஆலோசகர் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்காரவைத்து, கையை ஊன்றாமல் எழச் சொன்னார். இடுப்பு அசையவில்லை. முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"எடை இருக்கு ஐயா. ஆனா சதை கரைஞ்சு போச்சு. கால்ல இருக்கறது நீர்."

ஈர மணல் லாரி. எத்தனை ஓட்டுநர்களைப் பிடித்திருப்பேன், தண்ணீரை மணல் என்று நிறுக்கப் பார்க்கிறாயா என்று. சொந்த உடம்பில் கோட்டை விட்டேன். டாக்டர் நீர் இறங்க மாத்திரை தந்தார். அடுத்த மருந்தைத் தள்ளிவைத்துவிட்டார். உடம்பில் தெம்பு ஏறினால்தான் ஏற்றுவாராம். ஏறலைன்னா — என்ன ஆகும்? பயமாத்தான் இருக்கு.

மார்ச் 14

வாய்க் கசப்பைச் சொல்லிவிட்டேன். "மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே. என் சமையல்தான் பிடிக்கலைன்னு நெனச்சுட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. மாலையில் என் சாய்வு நாற்காலியைத் தூக்கிவிட்டுக் கைப்பிடி இல்லாததைப் போட்டாள். கொடுமைக்காரி.

மார்ச் 22

முட்டையை ஆறவைத்து எலுமிச்சை பிழிந்து தந்தாள். உள்ளே போய்விட்டது. ஒரு கை ஊன்றி எழுந்தேன்.

ஏப்ரல் 9

கால் வீக்கம் வடிந்துவிட்டது, முள்ளும் இறங்கிவிட்டது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம்.

ஏப்ரல் 12

நாளை மறுபடி மருத்துவமனை, மறுபடி அந்த நாற்காலி. காலையில் அவள் போட்ட கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போயிருந்தாள். பால் தீயும் வாசனை வந்தது. சட்டென்று எழுந்து அடுப்படிக்கு ஓடினேன். அடுப்பை அணைக்கப் போனபோதுதான் பார்த்தேன் — ஒரு கையில் முட்டைத் தட்டு, மறு கையில் டம்ளர்.