அன்புள்ள டாக்டர் D/O

மார்ச் 5, புதன்

இன்று காலை மட்டும் ஒன்பது மின்னஞ்சல்கள். எல்லாம் நான் கேள்விப்படாத ஆய்விதழ்கள். ‘அன்புள்ள டாக்டர் D/O, உங்கள் புகழ்பெற்ற ஆய்வைக் கண்டு வியந்தோம்.’ அடையாள அட்டையில் உள்ளபடி சுசீலா D/O முத்துராமன் என்று எங்கோ ஒருமுறை பதிந்தேன். D/O என்றால் ‘இன்னாரின் மகள்’, அதையே என் பெயராக எடுத்துக்கொண்டார்கள். நான் டாக்டரும் இல்லை, பாலிடெக்னிக்கில் லேப் வேலை.

சிரித்துவிட்டு அழிக்க வேண்டியதுதானே? ஜனவரியில் ஒன்றுக்குப் பதில் போட்டேனே, அங்கேதான் புத்தி கெட்டது. பதினான்கு மாதம், புக்கிட் மேராவில் இருபத்திரண்டு அடுக்குமாடி புளோக், தாழ்வாரப் பூந்தொட்டிகளின் தட்டுத் தண்ணீரில் கொசுப்புழு எண்ணி எழுதிய கட்டுரையை அனுப்பிவிட்டேன். மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு காற்புள்ளியைக்கூடத் திருத்தவில்லை. தேக்கா சந்தையிலிருந்து வடை வாங்கி எல்லாருக்கும் கொடுத்தேன். வடையைக் கடித்துக்கொண்டே லேப் தோழி ஹலீமாதான் கேட்டாள்: “அக்கா, மூணு நாள்ல யார் இதைப் படிச்சாங்க?”

யாரும் படிக்கவில்லை. காசு கொடுத்தால் எதையும் போடும் கும்பல். கட்டுரையைத் திருப்பிக் கேட்டால் அதற்கும் காசு கேட்கிறார்கள், இல்லாவிட்டால் ஜூலை இதழில் போட்டுவிடுவார்களாம். அங்கே வந்துவிட்டால் நல்ல இதழ் எதுவும் தொடாது. பதினான்கு மாதமும் போச்சு.

மார்ச் 10, திங்கள்

துறைக் கூட்டம். என் மேலதிகாரி டாக்டர் சேதுபதி அன்று பெருமையாக எல்லாருக்கும் நான் அனுப்பிய அந்த ஏற்பு மின்னஞ்சலைத் திரையிலேயே போட்டுக் காட்டினார். எச்சரிக்கையாம்!

“படிச்சவங்க யாராச்சும் இதுல போய் விழுவாங்களா லா? நம்ம டாக்டர் D/O விழுந்திருக்காங்க.”

பதினெட்டு பேர் சிரித்தார்கள். எண்ணினேன், எண்ணுவதுதானே என் வேலை. ஆகஸ்ட் மாநாட்டுப் பட்டியலிலிருந்து என் பெயரையும் எடுத்துவிட்டார். “டிபார்ட்மென்ட் மானமே போச்சு சுசீலா” என்றார்.

இருங்க சார். இருங்க.

மார்ச் 11

காப்பி இயந்திரத்தருகே யாரோ “டாக்டர் D/O” என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். சீ, ஏன் திரும்பினேன்?

மார்ச் 24, திங்கள்

‘கட்டுரையை எடுங்கள்’ என்று சுசீலா பெயரில் இதுவரை பதினொரு கடிதம். சுசீலாவுக்குப் பதிலே இல்லை. ஆனால் அதே இதழிலிருந்து இன்று ஒரு அழைப்பு: ‘அன்புள்ள டாக்டர் D/O, தங்களை எங்கள் இணையாசிரியராக்கப் பெருமைப்படுகிறோம்.’

மூன்று முறை படித்தேன். சுசீலாவை மதிக்காதவர்கள் D/O காலில் விழுகிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று அங்கே எவனுக்கும் தெரியவில்லை!

ஏற்றுக்கொண்டேன். பொய்யா? நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. டாக்டர் பட்டம் அவர்கள் கொடுத்தது. அடையாள அட்டையைக் கேட்டால் காட்டுவேன், D/O அதில் பெரிய எழுத்திலேயே இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

ஆசிரியருக்கான கடவுச்சொல் வந்தது. உள்ளே போனேன். என் கட்டுரை இருந்தது, பக்கத்தில் ‘நீக்கு’ பொத்தானும். காரணம் கேட்டது. ‘எழுதியவர் ஏமாற்றப்பட்டார்’ என்று அடித்தேன். போய்விட்டது. மேசையில் தலையை வைத்து அழுதேன். ஹலீமா தே ஓ, பாலில்லாத தேநீர், வாங்கி வந்து வைத்தாள்.

அதோடு மூடியிருப்பேன். கீழே இன்னும் நாற்பத்தொரு கட்டுரைகள் வெளியீட்டுக்காக வரிசையில் இருந்தன. பதினேழாவதில் கண் நின்றது. எழுதியவர்: டாக்டர் S/O.

மகன்! உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனை இவர்கள் S/O என்று கூப்பிடப் போகிறார்கள்? திறந்தேன். கால்வாய் நீர்ப் பரிசோதனை. சேதுபதி S/O நடேசன். அனுப்பிய தேதி, பிப்ரவரி 20.

பிப்ரவரி! அப்படின்னா என்னைத் திரையில போட்டுச் சிரிச்சப்ப அவரோடதும் அங்கேதானே கெடந்துச்சு! என்ன மனுஷன் இவர்? எப்படிச் சிரிக்க வந்தது?

மார்ச் 30, ஞாயிறு

தேக்காவில் ஹலீமாவோடு தோசை. சேதுபதி கட்டுரையை அச்சடித்து லிஃப்டில் ஒட்டுவேன் என்றேன். எல்லாத் தளத்திலும்.

“ஒட்டினா ஒரு நாள் சிரிப்பாங்க அக்கா. மறுநாள் கிளீனர் கிழிச்சிடுவாரு.”

சரிதான். கிழிக்க முடியாதது வேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

சேதுபதியின் கட்டுரையை மூன்று முறை படித்தேன். ஒரு வரி விடவில்லை. இரண்டாம் அட்டவணையில் கூட்டல் தப்பு. மூன்றாம் படமும் முதல் படமும் ஒன்றே, வண்ணம்தான் வேறு. எந்த மாதத்தில் நீர் எடுத்தார் என்றே எழுதவில்லை. ஆறு பக்கத்துக்கு மதிப்புரை எழுதினேன். அந்த இதழ் பிறந்ததிலிருந்து உண்மையாக ஒரு கட்டுரையைப் படித்தவள் நானாகத்தான் இருப்பேன்.

‘அன்புள்ள டாக்டர் S/O, தங்கள் கட்டுரை நிராகரிக்கப்பட்டது. படித்தவர்கள் இதில் போய் விழக் கூடாது. இப்படிக்கு, டாக்டர் D/O.’

அனுப்பினேன். இனிப்பாக இருந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

லேப் வாசலில் வந்து நின்றார். கையில் ஆறு பக்கம்.

“சுசீலா... நீங்களா?”

“என்ன சார்?”

“இந்த D/O.”

“இந்த ஊர்ல எத்தனை D/O இருக்காங்க சார்!”

கதவைச் சாத்திவிட்டு வந்தார். குரல் இறங்கியிருந்தது. “யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்.”

“நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. திங்கக்கிழமை மீட்டிங்ல, அதே இடத்துல நின்னு.”

“அது எப்படி முடியும்?”

“எனக்கும் ஸ்கிரீன்ல போடத் தெரியும் சார்.”

 

ஏப்ரல் 14, திங்கள்

புத்தாண்டு. பச்சைப் புடவை கட்டிப் போனேன்.

சேதுபதி எழுந்தார். “அந்த ஜர்னலுக்கு நானும் அனுப்பினேன். சுசீலாவைச் சொன்னது தப்பு.” அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பதினெட்டு பேரில் ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு ஏமாற்றம், சிரிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். நான் மட்டும் கொஞ்சம் சிரித்தேன். சந்தோஷமாக இருந்தது. எழுதி வைக்கிறேன், பின்னால் நான் நல்லவள்போல நடிக்கக் கூடாது.

மாநாட்டுப் பட்டியலில் பெயர் திரும்பி வந்தது. நல்ல இதழுக்கு என் கட்டுரையை அனுப்பும் படிவத்திலும் கையெழுத்துப் போட்டுவிட்டார். பேனா என்னுடையது.

மே 2

டாக்டர் D/Oவைப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். மீதி நாற்பது கட்டுரைகளையும் நிராகரித்ததற்கு.

ஜூலை 22, செவ்வாய்

நல்ல இதழிலிருந்து பதில். ‘அன்புள்ள திருமதி சுசீலா.’ பெயர் சரியாக இருந்தது. ஏற்கவில்லை, மறுக்கவும் இல்லை. திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள். பேருந்தில் படித்துக்கொண்டே போய் இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன். பதினேழாம் புளோக்கில் இரண்டு நாள் கணக்கு ஏன் விடுபட்டது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அந்த இரண்டு நாளும் எனக்குக் காய்ச்சல். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். எங்கோ ஒருவர் உட்கார்ந்து தட்டுத் தட்டாக எண்ணியிருக்கிறார்!

மதியம் சேதுபதி லேப்புக்கு வந்தார். பழைய மிடுக்கு இல்லை. “ரிவியூ வந்துச்சாமே. ரொம்பத் திட்டியிருக்காங்களா?”

“ஏழு பக்கம் சார்” என்றேன். “உங்களுக்கு வந்ததைவிட ஒரு பக்கம் கூட.”