சத்தம் முன்னால், உதடு பின்னால்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் ஒரு மாதிரி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே எனக்குப் போதும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் போனில் பேசுவதை அம்மா பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பக்கவாதத்தில் அவளுக்குப் பேச்சுத்தான் போனது, காது போகவில்லை. நான் அலுத்துக்கொள்வதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என்று நினைத்து முகம் சுண்டிப்போகிறாள். அதுவுமில்லாமல் உன்னிடம் போனில் பேச ஆரம்பித்தாலே எனக்குக் கோபம் வந்துவிடுகிறது, எழுதினால் கொஞ்சம் அடங்குகிறது.

எல்லாம் நீ விட்டுவிட்டுப் போன அந்தக் கம்ப்யூட்டரால் வந்த வினை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற டாக்டரம்மா வீட்டில் பார்த்துச் செய்யச் சொல்லி வீடியோ அனுப்புகிறார். திரை முழுக்க அவர் வாய் மட்டும்தான். 'ஆ' என்று திறப்பார், 'ஊ' என்று குவிப்பார், 'ப' சொல்ல உதட்டை ஒட்டிப் பிரிப்பார். அம்மா அதைப் பார்த்து அப்படியே செய்ய வேண்டும். போனில் காட்டினால் அவளுக்குச் சரியாகத் தெரிவதில்லை, அதனால்தான் இந்தப் பெரிய திரை. ஆனால் நம் கம்ப்யூட்டரில் சத்தம் முன்னால் ஓடுகிறது, உதடு பின்னால் நொண்டிக்கொண்டு வருகிறது. காதில் 'ப' விழும்போது திரையில் வாய் பிளந்து நிற்கிறது. பார்த்ததைச் செய்வதா கேட்டதைச் செய்வதா என்று தெரியாமல் அவள் திணறுகிறாள். திடீரென்று படம் உறைந்து நின்று, பிறகு விட்டுப்போன அசைவெல்லாம் மொத்தமாகக் கொட்டும், அவளும் பதறிப்போய் வாயைக் கோணிக்கொண்டு துரத்துவாள். ஒரு நாள் கோளாறு தன் வாயில்தான் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள். அந்தத் திரையைத் தூக்கித் தெருவில் வீசலாம் போல் இருந்தது எனக்கு.

உன்னிடம் சொன்னேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கப்பா என்றாய், பண்ணினேன். மறுபடி கேட்டபோது மீட்டிங்ல இருக்கேன்பா, நெட் ஸ்லோவா இருக்கும் என்று வைத்துவிட்டாய். நெட்காரர் வந்து நெட் சூப்பரா இருக்கு சார் என்று சொல்லி, வந்ததற்கு ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போனார். நான் வீடியோவைக் கம்ப்யூட்டரிலேயே இறக்கி வைத்து, நெட் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். அப்போதும் அதே நொண்டல். பஸ் டிப்போவில் ஆயுசு முழுக்க இன்ஜின் பிரித்தவனுக்கு, கோளாறு எங்கே இல்லை என்பதாவது தெரியாமல் போகுமா. உன் அண்ணனிடம் சொன்னால், எதுக்குப்பா அதோட மல்லுக்கட்டுறீங்க, புதுசு வாங்கிடலாம் என்கிறான். எதைக் கேட்டாலும் அவனுக்கு இது ஒரு பதில். சொன்னதோடு சரி, ஆளைக் காணவில்லை.

கடைசியில் நீ மெசேஜில் சொன்னபடி கீபோர்டில் மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்தி, உள்ளே எது எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்த்தேன். பிராசஸர் மூச்சு முட்ட ஓடுகிறது. படம் காட்டுவதற்கென்றே இருக்கிற கிராபிக்ஸ் பகுதியின் பெயரே அங்கே இல்லை. இரண்டு பேர் தூக்க வேண்டிய பீரோவை ஒருவனே முதுகில் சுமந்தால் நொண்டாமல் என்ன செய்வான். அதைப் படம் எடுத்து அனுப்பியதும் நீ, டிரைவர் இல்லப்பா, கிராபிக்ஸ ஓட்டுற சாஃப்ட்வேர், விண்டோஸ் போட்டவர் அத போடாம விட்டிருப்பார் என்று ஒரு வரி அனுப்பினாய். அந்த ஒரு வரியை முதல் நாளே அனுப்பியிருந்தால் அம்மா தலையில் அடித்துக்கொண்டிருக்க மாட்டாள். வைரஸ் என்று ரிப்பேர் கடையில் கொடுத்து, விண்டோஸ் புதிதாகப் போட்டு வாங்கிய பிறகுதானே இந்தச் சனியன் பிடித்தது என்று எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நேரே அந்தக் கடைக்குப் போனேன். ஏன் டிரைவர் போடவில்லை என்று கேட்டால், படம் தெரியுதுல்ல சார், அப்புறம் என்ன என்கிறார். படம் தெரியுது தம்பி, என் பொண்டாட்டிக்குத்தான் பேச்சு வரல என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவர் முகம் எப்படிப் போனது என்று பார்க்க நிற்கவில்லை.

பெட்டியில் ஒட்டியிருந்த மாடல் நம்பரை வைத்து அந்த டிரைவரை நானே தேடி இறக்கினேன். முதலில் இறக்கியது வேறு மாடலுக்கானதாம், ஒட்டாது என்று துப்பிவிட்டது. அடுத்ததைப் போட்டதும் திரை இருண்டுபோனது. அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இருந்ததையும் கெடுத்துட்டீங்களா என்று கேட்பது போல். பிறகு தானாக வெளிச்சம் வந்தது. டாக்டரம்மா வாயைத் திறந்தார், சத்தமும் கூடவே வந்தது. நான் நம்ப முடியாமல் திரைக்கு முன்னால் குனிந்து நின்று, உதடும் சத்தமும் சேர்ந்துதான் போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து, தள்ளு, என்று ஒரு குரல். தெளிவாக, அதட்டலாக. வீடியோவில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. கல்யாணமான நாள் முதல் 'ங்க' போடாமல் என்னோடு ஒரு வார்த்தை பேசாதவள். தள்ளி நின்றேன். வேறென்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அவள் வாயில் ஒரு வார்த்தையும் அவ்வளவு தெளிவாக வரவில்லை. சித்தியிடமும் அத்தையிடமும் சொல்லி வைக்காதே, ஆளாளுக்குப் போன் செய்து பேசு பேசு என்று அவளைப் படுத்துவார்கள். அந்தக் கம்ப்யூட்டர் ஃபேனும் மாவு மில் மாதிரி இரைகிறது, அதை நானே கழற்றித் துடைத்துக்கொள்கிறேன், நீ அதற்கும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லாதே. வேளைக்குச் சாப்பிடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். என் கோபத்தையெல்லாம் மனதில் வைத்துக்கொள்ளாதே, இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மறக்காதே. வீடியோவில் கூப்பிடும்போது நடந்துகொண்டே பேசாதே. வெளிச்சம் உன் முகத்தில் விழும்படி உட்கார்ந்து பேசு. அம்மா இப்போது உன் வாயைத்தான் பார்க்கிறாள். உன் பெயர் அவளுக்கு இன்னும் வரவில்லை. அதை நீயே மெதுவாக, இரண்டு மூன்று முறை சொல்லிக் காட்டு.

இப்படிக்கு,
உன் அப்பா