உன் வாசலுக்குப் பொலிஸை அனுப்பியது நான்தான்

வைலே, டென்மார்க்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்த பிறகு.

என் அன்பு மகள் மரினாவுக்கு,

மாதாவின் காவலில் நீ சுகமாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையோடு அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, எனக்கு பிரஷர் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். நீ சுகம் என்பது எனக்குத் தெரியும், அம்மாவின் போனுக்கு நீ அனுப்புகிற சாப்பாட்டுப் படங்களை அவள் எனக்கும் காட்டுகிறாள். நேற்று வந்த நூடில்ஸ் கோப்பையில் முட்டை பதமாக அவிந்திருந்தது. என்னுடைய போனுக்குத்தான் இருபத்தைந்து நாளாக ஒன்றும் வரவில்லை. டேனிஷில் எழுதினால் உனக்கு வாசிக்கச் சுகம் என்று தெரியும், ஆனால் டேனிஷில் நான் எதை எழுதினாலும் கொம்யூன் கந்தோருக்கு முறைப்பாடு எழுதுகிற மாதிரி வந்துவிடுகிறது. அதனால் தமிழில் எழுதுகிறேன், எழுத்தையும் பெரிதாக எழுதுகிறேன், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசி. விளங்காத சொல் வந்தால் அம்மாவிடம் கேள், என்னிடம் கேட்க வேண்டாம்.

இங்கே மரமெல்லாம் தளிர் விட்டு வெயில் எறிக்கிறது, சனம் ஐஸ்கிரீம் குடித்துக்கொண்டு துறைமுகத்தில் திரிகிறது, எனக்கு மட்டும் ஓர் இடத்தில் இருக்க முடியாத அந்தரம். வேலை முடிந்து வந்தால் குசினிக்கும் ஹோலுக்கும் உலாத்துகிறேன். கெட்டுப்போகாத குழாயைக் கழற்றிப் பூட்டினேன், இப்போது அது சொட்டுகிறது. அம்மா சொல்கிறாள், ஒன்றில் இருங்கோ, இல்லாட்டி வெளியால போங்கோ, கார்பெட் தேயுது என்று. வெளியே போனால் பாலம் வரைக்கும் நடந்துவிட்டுத் திரும்பி வருகிறேன், அதற்கும் காரணம் கிடையாது. நீ என்னோடு கோபம், அது நியாயம். ஆனால் நீ கோபப்பட்டதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன், இடையில் வேறு கதைக்குப் போனால் பொறுத்துக்கொள்.

முதலில் என் பக்கத்துக் கதையை ஒருதரம் கேள். அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சீனாவில் இருந்து போன் எடுத்து, புது வீட்டுக்கு மாறிவிட்டேன், பொலிஸ்காரர் ஒருவர் வந்து பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்துகொண்டு போனார், நல்ல மனுசன், சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாய். வெளிநாட்டு ஆட்கள் எல்லாரையும் அங்கே அப்படித்தான் பதிவார்கள் என்றும் சொன்னாய். எனக்கு அது சிரிப்பாக இல்லை. தொண்ணூற்றொன்றில் இங்கே வருவதற்கு முன்பு நானும் என் சிநேகிதன் பாலேந்திராவும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் நின்றோம். லொட்ஜ் மனேஜர் எங்கள் பெயர்களை எழுதிப் பொலிஸில் பதிந்தான், அவனும் நல்ல மனுசன்தான், தேத்தண்ணி தந்துதான் எழுதினான். வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் கூப்பிட்டான் என்று நான் மூன்றாம் நாள் வேறு இடத்துக்குப் போனேன். நான்காம் நாள் அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பில் வந்தார்கள். பாலேந்திராவை ஏற்றிக்கொண்டு போனார்கள், அவன் திரும்பி வரவில்லை. இதை உனக்கும் தங்கச்சிக்கும் நான் சொன்னதில்லை, அம்மாவுக்கும் பாதிதான் தெரியும். பொலிஸ் வந்து பெயர் எழுதுவது என்றால் எனக்கு அது பதிவு இல்லை, அடுத்த கிழமை ஆளை ஏற்றிக்கொண்டு போவதற்கான ஆயத்தம்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் உன்னிடமிருந்து சத்தம் இல்லை. நீ போனை மாற்றியதால் நாங்கள் கதைக்கிற அந்த வீசாட் பூட்டுப்பட்டுப் போனது என்று எனக்கு எப்படித் தெரியும். வேலையிடத்துக் கன்ரீனில் பென்ட் வேறு. பென்டைத் தெரியும்தானே, என்னோடு பன்னிரண்டு வருடமாக ஒரே மேசையில் கறுத்த பாண் சாப்பிடுகிற ஆள். அங்கே தெருவெல்லாம் கமெரா, பிடிக்காவிட்டால் ஆளையே காணாமல் ஆக்கிவிடுவார்கள், ரிவியில் பார்த்தேன் என்றான். அவன் ஸ்பெயினில் மயோர்க்காவைத் தாண்டிப் போனதில்லை. நீ பதினாலு மாதமாக அங்கேயே இருந்து சொன்னதை, மேசையில் லப்டொப்பை விட்டுவிட்டுக் கோப்பி வாங்கப் போகலாம், பார்சல்களை வாசலில் போட்டுவிட்டுப் போவார்கள், ஒருத்தரும் தொடமாட்டார்கள், இரவில் தனியாக நடந்து வருகிறேன், பயப்படுவதென்றால் நடைபாதையில் ஓடுகிற ஸ்கூட்டருக்குத்தான் என்று சொன்னதை எல்லாம் விட்டுவிட்டு, நான் பென்டை நம்பினேன். அவன் சொன்னது என் பயத்துக்கு அளவாக இருந்தது.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன், சிரிக்காதே. வந்த புதிதில் இதே வைலேயில் கோப்பிக்கடைக்கு வெளியே ஒரு பிள்ளை வண்டில், உள்ளே குழந்தை நித்திரை, பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. இங்கே பிள்ளையை அப்படி வெளியே விட்டு நித்திரையாக்குவது வழக்கம் என்று தெரியாமல், யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்து, குளிரில் அரை மணித்தியாலம் அந்த வண்டிலுக்குக் காவல் நின்றேன். கடைக்குள் இருந்து தாய் வந்து என்னைப் பார்த்துக் குழறத் தொடங்கிவிட்டாள். அவளுடைய பிள்ளைக்கு அந்தத் தெருவில் இருந்த ஒரே ஆபத்து நான்தான் என்று அவள் நினைத்தாள். பயம் எனக்கும்தான், அவளுக்கும்தான், குழந்தை மட்டும் நிம்மதியாகப் படுத்திருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் இந்த ஊரில் இருந்தும் நான் அதிலிருந்து ஒன்றும் படிக்கவில்லை.

மூன்றாம் நாள் அம்மாவுக்குச் சொல்லாமல் லீவு போட்டு, கோயிலுக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு உங்கள் கம்பனியின் தலைமைக் கந்தோருக்குப் போனேன். முன்மேசைப் பெட்டையிடம், என் மகளைச் சீனாவில் பொலிஸ் பிடித்துவிட்டது என்று சொன்னேன். பிடித்திருக்கலாம் என்று சொல்லவில்லை, பிடித்துவிட்டது என்றே சொன்னேன். உள்ளே இருந்து கிர்ஸ்டன் என்ற பொறுப்பாளர் ஓடி வந்தாள், அங்கே நீ இருக்கிற சுஜோ நகரத்துத் தொழிற்சாலைக்குப் போன் போனது. நீ அன்றைக்குக் காய்ச்சலோடு வீட்டில் படுத்திருந்தாய், கம்பனிக்காரருக்கும் உன் போன் கிடைக்கவில்லை, அவர்கள் உள்ளூர் பொலிஸையும் கூட்டிக்கொண்டு வந்து உன் கதவைத் தட்டினார்கள். காய்ச்சல் வியர்வையில் தலை நனைந்தபடி நீ கதவைத் திறக்க, மாடிப்படி முழுக்க அயலட்டைச் சனம் நின்று பார்த்ததாம். மகளைப் பொலிஸ் பிடித்துவிட்டது என்று பதறிய நானே உன் வாசலுக்குப் பொலிஸை அனுப்பி வைத்தேன். அன்றைக்கு நீ போன் எடுத்து, டேனிஷில், அப்பா, நீங்கள் என்னை எல்லாருக்கும் முன்னால் சின்னப்பிள்ளை ஆக்கிவிட்டீர்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்தாய். எனக்குக் கோபம் வந்தால் தமிழ் வரும், உனக்கு டேனிஷ். அதனால் உன் கோபம் எவ்வளவு என்பது எனக்கு விளங்கியது.

அம்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுகிறாள். குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

வந்துவிட்டேன். இனித்தான் உனக்குத் தெரியாத பகுதி. போன கிழமைக்கு முந்திய கிழமை கிர்ஸ்டன் எனக்குப் போன் எடுத்தாள். ஓகஸ்டில் உன்னை அங்கே பகுதித் தலைவியாக்கி இன்னும் மூன்று வருடம் வைத்திருக்க யோசித்திருந்தார்களாம், நீ அதைப் பற்றி எங்களுக்கு மூச்சே விடவில்லை. இப்போது குடும்பம் இவ்வளவு கவலைப்படுவதால் உன்னை வைலேக்கே திருப்பி எடுத்து இங்கே ஒரு வேலை தருவது நல்லதோ என்று பார்க்கிறார்களாம், வீட்டாரின் மனநிலை எப்படி, இப்பவும் பயமாக இருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். பிள்ளை, உனக்குப் பொய் எழுத மாட்டேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பயம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், ஓகஸ்டில் நீ இந்த மேசையில் இருந்து சாப்பிடுவாய். அம்மாவுக்குச் சொல்லாமலே உன் அறைக்குப் பெயின்ற் வாங்கிவிட்டேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

போன கிழமைச் சனிக்கிழமை உன் தங்கச்சி நிறோஷினி கோப்பன்ஹேகனில் இருந்து ரெயினில் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆறு நாள் தொடர்ந்து டியூட்டி, கண் உள்ளே போயிருந்தது. சாப்பிடும்போது நான் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், எதென்றாலும் இங்கை எண்டால் பிள்ளைக்குப் பாதுகாப்பு, எங்களுக்கு நித்திரை வரும் என்று. அவள் கோப்பையை வைத்துவிட்டு, அப்பா, இங்கை அக்காவுக்கு என்ன நடந்தது எண்டு உங்களுக்குத் தெரியுமோ என்று கேட்டாள். பிறகு சொன்னாள். உனக்குப் பதினேழு வயது, நவம்பர் மாதம், பேக்கரி வேலை முடிந்து ஐந்து மணிக்கு, அந்த நேரத்துக்கே இருட்டு, ஸ்டேஷனுக்குப் பின்னால் உள்ள பாதையால் வரும்போது இரண்டு பேர் சைக்கிளில் துரத்தி வந்து, சொல்லக்கூடாததெல்லாம் சொல்லி, உன் சால்வையைப் பிடித்து இழுத்ததும், நீ ஒரு கட்டடத்தின் சைக்கிள் கொட்டகைக்குள் முக்கால் மணித்தியாலம் ஒளித்து இருந்ததும். வீட்டுக்கு வந்து செயின் கழன்றுவிட்டது என்று சொன்னாயாம்.

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பிந்தி வந்ததற்கு ஏசினேன். பிறகு கீழே இறங்கிப் போய் உன் சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டேன், அது நல்லாகத்தான் ஓடியது, அப்போதும் யோசிக்கவில்லை. அந்த மாரி முழுக்க நீ காரில் வந்து ஏற்றச் சொல்லிக் கேட்டாய், குளிருது என்றாய். டேனிஷ் பிள்ளைகள் பனிக்குள்ளேயும் சைக்கிளில் போகிறார்கள், உனக்கு மட்டும் என்ன என்று நான்தான் சொன்னேன். அக்கா ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று நிறோஷினியிடம் கேட்டேன். சொல்லியிருந்தால் நீங்கள் வேலையையும் விடச் சொல்லியிருப்பீர்கள், வெளியே போகவும் விட்டிருக்க மாட்டீர்கள் என்றாள். அது உண்மைதான். அம்மா எழும்பிப் போய்க் குசினியில் நின்று அழுதாள். நிறோஷினி இன்னும் ஒன்று சொன்னாள், சுஜோவுக்குப் போய் இரண்டாம் மாதம் நீ அவளுக்குச் சொன்னாயாம், வேலை முடிந்து வரும்போது ஒருநாளும் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறேன், கழுத்து நோகவில்லை என்று. நான் உன்னை ஏற்றிக்கொண்டு வரவேண்டிய காலத்தில் ஏற்றவில்லை மகள். மன்னித்துக்கொள்.

இதற்காக நான் சீனாவுக்குக் கொடி பிடிக்கப் போவதில்லை. கள்ளனுக்குப் பயமில்லாமல் இருப்பது ஒன்று, பட்டியல் வைத்திருக்கிறவனுக்குப் பயமில்லாமல் இருப்பது இன்னொன்று. நீயே ஒருமுறை சொன்னாய், வெளிநாட்டு ஆளான எனக்கு ஒரு மாதிரி, அந்த ஊர் ஆளுக்கு வேறு மாதிரி, என்னோடு வேலை செய்கிற பெட்டை சில கதை வந்தால் சுவரைப் பார்ப்பாள் என்று. அந்தக் கமெராக்களைப் பற்றிய கேள்வி எனக்குச் சாகும்வரைக்கும் இருக்கும். நீ ரக்சியில் விட்ட பையை அதே கமெராதான் ஒரு மணித்தியாலத்தில் கண்டுபிடித்துத் தந்தது என்பதும் தெரியும். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்திருக்கப் பழகுகிறேன், இந்த வயதில் லேசாக இல்லை. பென்டுக்கும் இதைச் சொன்னேன், அவன் பாணைத்தான் பார்த்தான்.

முந்தநாள் வெள்ளிக்கிழமை திரும்பவும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு கந்தோருக்குப் போனேன். இந்த முறை அம்மாவும் வந்தாள். கிர்ஸ்டனிடம் சொன்னேன், என் மகளை ஒருவரும் பிடிக்கவில்லை, பிடித்தார்கள் என்று சொன்னது நான், அது பிழை, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், என் பயத்தை அவளுடைய வேலைக் கடதாசியில் எழுதாதீர்கள் என்று. அப்படியென்றால் இப்போது உங்களுக்குப் பயமில்லையா என்று கேட்டாள். பயம்தான், ஆனால் அவள் இங்கே வந்தாலும் பயம்தான், வித்தியாசம் என்னவென்றால் அங்கே நான் மட்டும் பயப்படுகிறேன், இங்கே வந்தால் அவளும் பயப்படுவாள் என்றேன். இனி உன்னைக் கேட்டுத்தான் முடிவு எடுப்போம் என்றாள். முன்மேசைப் பெட்டையிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். செவ்வாய்க்கிழமை சுஜோவுக்குப் போகிற கம்பனிப் பொதியில் இந்தக் கடிதத்தை வைத்து விடுகிறேன் என்று கிர்ஸ்டன்தான் சொன்னாள், ஒட்டித்தான் கொடுப்பேன். மூன்று வருடம் இருப்பதோ, வருவதோ, உன் விருப்பம். பெயின்றைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காய்ச்சலுக்குப் பிறகு உடம்பைக் கவனித்துக்கொள், பச்சைத் தண்ணீர் குடிக்காதே, ஸ்கூட்டரைப் பார்த்து நட. அம்மா உன் நெற்றியில் சிலுவை போட்டதாக எழுதச் சொல்கிறாள். மடு மாதா உன்னோடு போகவும் வரவும் இருக்கட்டும், என் ஆசீர்வாதமும் அந்தத் தெருக்களில் உனக்கு முன்னால் நடக்கட்டும்.

ஒரேயொரு வேண்டுகோள், மனமிருந்தால் மட்டும் செய். என்றைக்காவது வேலை முடிந்து தனியாக நடந்து வரும்போது எனக்கு போன் எடு. எடுத்துவிட்டு போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு உன் பாட்டுக்கு நட. நீ என்னோடு கதைக்க வேண்டாம், நானும் கதைக்க மாட்டேன். என் மகள் திரும்பிப் பார்க்காமல் நடக்கிற சத்தத்தை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
ச. பஸ்தியாம்பிள்ளை