துணைக்குப் போன ஆட்டம்

ஜூன் 10, செவ்வாய்

டேபிள் டென்னிஸ் கிளப்பில் இரண்டாவது மேஜைக்கு மேலே இருக்கும் விளக்கு எரியவில்லை. எல்லோருக்கும் ஒரே மேஜை. தோற்றவர் இறங்க வேண்டும், ஜெயித்தவர் நிற்கலாம் என்று செயலாளர் கய்யூம் சார் சொல்லிவிட்டார். தீபிகா ஏறினாள், இறங்கவே இல்லை. நான் ஏறினேன், இறங்கினேன்.

நிஷா என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். சிந்தாதிரிப்பேட்டை, பேங்க் வேலை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்களும் அவங்களும் அக்கா தங்கச்சியா?" என்றாள்.

"ஓரகத்திங்க. அவ என் கொழுந்தன் பொண்டாட்டி."

"ஓரகத்திங்க ஒரே பக்கம் நின்னு டபுள்ஸா? எங்க வீட்ல ஒரே கிச்சன்ல நிக்க மாட்டாங்க."

நடந்ததைச் சொன்னேன். தீபிகா காலேஜில் யூனிவர்சிட்டி வரை ஆடியவள். கல்யாணமாகி வந்த பிறகும் ஆட வேண்டும் என்றாள். ஆம்பளைகள் ஆடுகிற இடத்துக்குத் தனியாகவா என்று வீட்டில் வருடக்கணக்கில் இழுத்தார்கள். கடைசியில், செண்பகம் துணைக்குப் போகட்டும் என்று முடிவாயிற்று. ஆறு மாதம் நாற்காலியில் உட்கார்ந்து வாரப்பத்திரிகை படித்தேன். ஒரு நாள் டபுள்ஸுக்கு ஆள் குறைந்தது. தீபிகா என் கையில் ஒரு பேட்டைக் கொடுத்தாள். அது ஆறு வருடத்துக்கு முன்னால். எனக்கு அப்போது நாற்பத்தொன்று.

நிஷா சிரித்தாள். நானும் சிரித்தேன். சொல்லிச் சொல்லி அந்தக் கதை எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

ஜூன் 15, ஞாயிறு

அண்ணன் தம்பி சண்டை. சத்தம் இல்லை, அதனால் சண்டை என்று எழுதலாமா தெரியவில்லை.

காலை டிபனில் கொழுந்தன் வெங்கடேஷ் ஆரம்பித்தான். எங்கள் கடையின் மேட்சிங் ப்ளவுஸ் துணியைப் போனில் வீடியோ காட்டி விற்கிறானே, அதற்கு அடையாறில் தனியாக ஒரு கடை போட வேண்டுமாம். பெயரும் வேறாம்.

இவர் இட்லியைப் பிட்டுக்கொண்டே, "அப்பா பேரு இல்லாத போர்டுக்கு அடியில நீ உக்காருவியா?" என்றார்.

"உக்காந்தா என்னண்ணே?"

"அப்ப வீட்டையும் தனியாப் பாத்துக்கோ."

"சரி. பாத்துக்கறேன்."

இருவரும் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். வெங்கடேஷ் இரண்டாவது முறை சட்னி கேட்டு வாங்கிக்கொண்டான். தீபிகாவும் நானும் அடுப்படியில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சாயங்காலம் வழக்கம்போல் கிளப்.

ஜூன் 28, சனி

அடையாறில் வீடு கிடைத்துவிட்டது. ஆடி பிறந்தால் வீடு மாற முடியாது, அதனால் ஆனிக்குள் போகிறார்கள்.

ஜூலை 9, புதன்

போய்விட்டார்கள். சின்ன லாரி ஒன்று, இரண்டு நடை. பாத்திரங்களில் எது யாருடையது என்று எங்கள் இருவருக்குமே சொல்லத் தெரியவில்லை. பன்னிரண்டு வருடத்தில் எல்லாம் கலந்துவிட்டது. பெரிய குக்கரை நீங்க வச்சுக்கோங்க அக்கா என்றாள். இல்லை, நீ கொண்டுபோ என்றேன். கடைசியில் லாரிக்காரர் எடுத்து ஏற்றினார்.

மாலை இவர் சொன்னார்: "இனிமே அந்த வீட்டோட போக்குவரத்து நமக்கு வேண்டாம்."

சரி என்றேன். பையன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறான். இனி வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

கிளப் எந்தக் கணக்கில் வரும்? அது யார் வீடும் இல்லையே. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

ஜூலை 11, வெள்ளி

போனேன். எனக்கு முன்னால் தீபிகா வந்திருந்தாள், அடையாறிலிருந்து ஸ்கூட்டரில். "வாங்கக்கா" என்றாள், நேற்றுப் பார்த்த மாதிரி. செப்டம்பர் கடைசியில் கிளப்புகளுக்கு இடையே போட்டி இருக்கிறது. டபுள்ஸ் பழகினோம்.

டபுள்ஸில் ஒருவர் மாற்றி ஒருவர்தான் பந்தைத் தொட வேண்டும். அடித்ததும் அடுத்தவருக்கு இடம் விட்டு விலக வேண்டும். எனக்குப் பெரிதாக அடிக்க வராது. வருகிற பந்தைத் தள்ளிவிட்டு விலகுவேன். அடிப்பது தீபிகா. "அக்கா மாதிரி யாருக்கும் விலகத் தெரியாது" என்று எல்லோரிடமும் சொல்வாள்.

வீட்டைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆண்கள் பிரிந்தால் பிரியட்டும், மேஜையில் நாங்கள் சேர்ந்துதான் இருக்கிறோம் என்று எனக்குள் ஒரு பெருமை. திரும்பும்போது பனகல் பார்க் வரை நடந்தே வந்தேன்.

ஜூலை 22, செவ்வாய்

தீபிகா ஸ்கூட்டரை எடுக்காமல் சாவியை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, இந்தத் தடவை டபுள்ஸுக்கு நிஷாவோட பேர் குடுத்திருக்கேன்."

வெங்கடேஷ் சொன்னானா என்று கேட்டேன்.

"அவருக்குத் தெரியவே தெரியாது."

"அப்ப உன் அத்தான் ஏதாவது சொல்லிருவாங்கன்னு பயமா? நான் பாத்துக்கறேன்."

"இல்லக்கா. அது எதுவுமே இல்ல." சாவியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள். "எனக்கு முப்பத்தெட்டு ஆச்சு. ஒரு தடவையாவது ஜெயிச்சுப் பாக்கணும்."

ஓ என்றேன். பிறகு அவளே, "முன்னாடி நீங்க வந்தாத்தான் நான் வர முடியும். இப்ப அப்படி இல்லேல்ல?" என்றாள். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பொய் சொல்ல வராமல் சொன்னாள்.

ஜூலை 23, புதன்

ஆறு வருஷமா நான் என்ன, அவ கொண்டுபோற பையா? கேட்டுக்குள்ள நுழையறதுக்கு ஒரு டிக்கெட்டா? சிரிச்சுச் சிரிச்சுப் பேசினதெல்லாம் – சரி, அது பொய்யில்ல. எனக்கே தெரியும் பொய்யில்லன்னு. ஆனா ஒரு தடவைகூட, அக்கா நீங்க ஆடறது பத்தாதுன்னு சொல்லலியே. சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன்? நாற்காலிக்குப் போயிருப்பேன், அப்புறம் வராமலே நின்னிருப்பேன். அவளும் வீட்டுக்குப் போயிருக்கணும்.

அதான் சொல்லல.

ஜூலை 30, புதன்

இந்த வாரம் போகவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆடித் தள்ளுபடிக் கூட்டம். ரங்கநாதன் தெருவில் ஆளை ஆள் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். வெங்கடேஷ் இல்லாததால் நானும் கடையில் நின்றேன். லைனிங் துணி கிழித்துக் கிழித்துக் கட்டை விரல் மரத்துவிட்டது. ஒரு அம்மா மாம்பழக் கலர் கேட்டு வந்து, நான் எடுத்துப் போட்ட எட்டு மஞ்சளையும் இது மாம்பழம் இல்லை என்று ஒதுக்கினார். ஒன்பதாவதை வாங்கிக்கொண்டார். அதுவும் முதலில் காட்டிய அதே மஞ்சள்தான்.

மதியம் சாப்பிடும்போது இவர் கேட்டார். "கிளப்புக்கு இப்பல்லாம் போறதில்ல போல?"

"இல்ல."

"நல்லதாப் போச்சு. துணை வேண்டியவளே போயாச்சு. இனி உனக்கென்ன அங்க வேலை?"

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அக்கறையாகத்தான் சொன்னார், கால் வலிக்குதா என்று கேட்கிற குரலில். தீபிகா அன்று கேட்டது, இவர் இன்று கேட்பது, இரண்டும் ஒரே கேள்விதான். எனக்கென்ன அங்க வேலை?

ஆகஸ்ட் 12, செவ்வாய்

தனியாகப் போனேன்.

வாசலில் டில்லிபாபு. ஹாலைத் திறப்பது, மேஜை போடுவது, வலை கட்டுவது எல்லாம் அவர்தான். "இன்னா மேடம், ஒண்டியா வந்துகீறீங்க? அவங்க இன்னைக்கு லீவாச்சே."

"தெரியும்" என்றேன். தெரியாது. அவள் வரமாட்டாள் என்றதும் ஒரு நிம்மதி வந்தது.

உள்ளே இரண்டு மேஜையிலும் ஆண்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன். ஆறு வருடமாக வருகிற இடம். ஒரு தடவைகூட யாரிடமும் நானாகப் போய், ஆடலாமா என்று கேட்டதில்லை. தீபிகா கேட்பாள், நான் பின்னால் போவேன். இன்று கேட்கலாம் என்று எழுந்தேன், தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தேன். இப்படி இரண்டு முறை. வீட்டுக்குக் கிளம்பிவிடலாம் என்று பையைத் தோளில் மாட்டியபோதுதான் – கோபமா வெட்கமா தெரியவில்லை – நேராகக் கய்யூம் சாரிடம் போய், "சார், என்கூட ஒரு கேம் ஆடுறீங்களா?" என்றேன்.

"என் முட்டிக்கு ஏத்த ஆட்டம்னா வாங்கம்மா" என்றார். அவருக்கு எழுபது தாண்டிவிட்டது. நின்ற இடத்திலிருந்தே அடிப்பார். மேஜை காலியானதும் மூன்று கேம். மூன்றிலும் தோற்றேன்.

விலக வேண்டிய அவசியம் இல்லை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒவ்வொரு பந்தையும் தள்ளிவிட்டு வலது பக்கம் ஒதுங்கி, அடுத்த பந்துக்கு யாருமில்லாமல் விட்டுக்கொண்டிருந்தேன். டில்லிபாபு பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்: "மேடம், யாருக்கு வழி வுடறீங்க? அங்கியே நில்லுங்க!"

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடி போனேன். தோள்பட்டை வலி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தீபிகாவும் நிஷாவும் பக்கத்து மேஜையில் பழகுகிறார்கள். நன்றாக ஆடுகிறார்கள். நிஷா விலகுவதில்லை, இருவரும் இடித்துக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், இருவருமே அடிக்கிறார்கள். பார்க்க முடிந்தது. முதல் வாரம் பார்க்க முடியவில்லை.

கிளப்புக்குள் பெண்கள் சிங்கிள்ஸ் அடுத்த மாதம் பதினான்காம் தேதி. என் பெயரைக் கொடுத்தேன். கய்யூம் சார் மூக்குக்கண்ணாடியை இறக்கி, "சிங்கிள்ஸா?" என்று கேட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டில் சொன்னேன். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தோன்றியது.

"யாருக்குத் துணைக்கு?" என்றார் இவர், பழக்கத்தில்.

"யாருக்கும் இல்ல. நான் ஆடப் போறேன்."

"அவளும் வருவாளா?"

"வருவா. கிளப்புல பேசிக்கிறோம். ஆரம்பத்துலருந்தே பேசிக்கிட்டுதான் இருக்கோம்."

டிவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். விளம்பரம் முடிந்து செய்தி வந்தது. "நான் வேண்டாம்னு சொன்னேனே" என்றார். சொன்னீங்க என்றேன். நான் எழுந்துபோகவில்லை. செய்தி முடியும் வரை இரண்டு பேரும் பார்த்தோம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

முதல் சுற்றில் ஒரு கல்லூரிப் பேராசிரியையோடு. அவர் அடிக்க அடிக்க நான் தள்ளிக்கொண்டே இருந்தேன். பொறுமை போய்விட்டது அவருக்கு. ஜெயித்தேன். என் பெயரில் முதல் ஜெயம்.

இரண்டாவது சுற்று தீபிகா.

பயமில்லை. அவளோடு எத்தனை நூறு கேம் ஆடியிருப்பேன்! எப்போதும் பதினொன்றுக்கு எட்டு, பதினொன்றுக்கு ஒன்பது என்றுதான் தோற்பேன். இந்த ஒரு மாதம் நின்று ஆடிப் பழகியிருக்கிறேன். ஒரு கேமாவது எடுக்கலாம் என்று நினைத்தேன்.

அவள் முதல் சர்வைப் போட்டாள். பந்து என் பக்கம் விழுந்து, வலது பக்கம் போகப்போகிறது என்று பேட்டை நீட்டினால், இடது பக்கம் வளைந்து ஓடியது. இரண்டாவதும் அப்படியே. அந்த சர்வை நான் பார்த்ததே இல்லை. என் சர்வில் மட்டும் இரண்டொரு பாயிண்ட் கிடைத்தது. 11–2, 11–3, 11–2. டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

கை கொடுக்கும்போது அவள் முகம் சரியாக இல்லை. "கோவமாக்கா?"

"இந்த சர்வ் எப்ப கத்துக்கிட்ட?"

"காலேஜ்லயே தெரியும்."

பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். அப்படியென்றால் அந்த எட்டும் ஒன்பதும்? எனக்காக விட்டுக்கொடுத்தது. பெரியவர்கள் பிள்ளைகளோடு சீட்டாடித் தோற்பார்களே, அது மாதிரி. நான் போரடித்துப்போய் வராமல் நின்றுவிட்டால் அவளுக்கும் ஆட்டம் இல்லை. ஆறு வருடம் அந்த சர்வை உள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். அவளுக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

அழுகை வரும் என்று பார்த்தேன். வரவில்லை. இன்று அவள் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. எதிரில் ஒரு ஆள் நிற்கிறாள் என்று நினைத்து ஆடினாள்.

பைனல் முடிந்து, அவள் கோப்பையை வாங்கிய பிறகு, எல்லோரும் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டேன். "தீபிகா, அதை இன்னொரு தடவை போடு. எங்க வளையுதுன்னு பாக்கணும்."

புடவையை இழுத்துச் சொருகிக்கொண்டு வந்தாள், பரிசு வாங்கக் கட்டிய பட்டுப்புடவை. வரிசையாகப் போட்டாள். ஒன்றிரண்டு என் பேட்டில் பட்டது.

செப்டம்பர் 15, திங்கள்

காலையில் காபி குடித்துக்கொண்டே இவர் கேட்டார், "நேத்து என்னாச்சு?"

"ஒண்ணு ஜெயிச்சேன். அப்புறம் தீபிகாகிட்ட தோத்தேன்."

கப்பைக் கீழே வைத்தார். "நல்லா ஆடுறாளா?"

"ரொம்ப நல்லா ஆடுறா."

"பன்னெண்டு வருஷம் நம்ம வீட்ல இருந்தா. எனக்குத் தெரியாது பாரு" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

செப்டம்பர் கடைசியில் கிளப்புகளுக்கு இடையேயான போட்டி நடந்து முடிந்தது. தீபிகாவும் நிஷாவும் அரை இறுதியில் தோற்றுவிட்டார்கள். நான் பார்க்கப் போயிருந்தேன். அண்ணனும் தம்பியும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை. அடையாறுக் கடைக்குப் போர்டு வைத்தாயிற்றாம்.

இன்று மத்தியானத்திலிருந்து மழை. உஸ்மான் ரோட்டில் முழங்கால் தண்ணீர். அடையாறிலிருந்து வர முடியாது என்று தீபிகா போனில் சொன்னாள்.

குடையை எடுத்துக்கொண்டு போனேன். ஹாலில் நாலைந்து பேர். இதுவரை பேசியிராத ஒருவர் பேட்டைத் துடைத்துக்கொண்டே, ஒரு கேம் போடலாமா மேடம் என்றார்.

ஆடிவிட்டு வந்தேன்.