சாமித்தட்டில் ஒளித்த பற்றரி

பிராங்பேர்ட், செவ்வாய் இரவு

அண்ணா தன் வேப் கருவியை, அதுதான் பற்றரியில் ஓடும் மின்சிகரெட்டை, சாமித்தட்டில், பிள்ளையார் படத்துக்குப் பின்னால் ஒளித்து வைக்கிறான். அம்மாவைத் தவிர யாரும் அங்கே கை வைப்பதில்லை. அம்மாவும் வெள்ளிக்கிழமைதான் படங்களைத் துடைப்பார்.

இன்று பின்னேரம் அவனே முதல்முறையாக அதற்குள் சூடாகிப் புகை தரும் கம்பிச் சுருளைச் சுற்றினான். சுருளின் மின்தடையைக் குறைத்தால் மேகம் மாதிரிப் புகை வரும் என்று அவன் தொழில் பழகும் அவுஸ்பில்டுங்கில் யாரோ சொன்னார்களாம்.

"தடை குறைஞ்சா மின்னோட்டம் கூடும் அண்ணா. பற்றரி தாங்காது. பள்ளிக்கூடத்தில படிச்சனாங்கள்."

"ஓம் ஓம், பெரிய விஞ்ஞானி! அப்பாவிட்டைச் சொன்னியெண்டா உன்னோட கதைக்கவே மாட்டன்."

நாலு தரம் இழுத்தான். "ஆ!" என்று கையை உதறினான். பற்றரியைக் கழற்றினால், அதன் பிளாஸ்டிக் உறை கிழிந்திருந்தது. அந்த நேரம் பார்த்து அம்மா கதவைத் திறந்தார். அவன் பற்றரியை அப்படியே படத்துக்குப் பின்னால் செருகிவிட்டான்.

எல்லோரும் படுத்த பிறகு பற்றரியைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்க முடியாத சூடு. அதன் முனையும் கிழிந்த பக்கமும் பித்தளை விளக்கில் முட்டி, மின்சாரம் விளக்கு வழியே பாய்ந்துகொண்டிருந்தது. எடுக்கப் பயமாக இருந்தது. அண்ணாவை உலுப்பினேன்.

"காலமை பாப்பம், போய்ப் படு."

சாமித்தட்டு வாசற்கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால், மூன்றாம் மாடியிலிருந்து நாங்கள் வெளியே போக வேறு வழி இல்லை.

அண்ணா கதைக்காவிட்டால் போகட்டும். அப்பாவை எழுப்பப் போகிறேன்.