ஏழு பிடியும் ஒரு பெயரும்

இன்று காலை ஒரகடம் கூட்டுச்சாலையில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பக்கத்தில் ஷிப்ட் முடித்து வந்த ஓர் இளைஞன் தன் கணுக்காலில் வலி மருந்தைப் புஸ்ஸென்று அடித்துக்கொண்டான். கற்பூரமும் புதினாவும் கலந்த அந்தக் காரநெடி மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது. மல்லிகையோ சந்தனமோ நினைவூட்டியிருந்தால் நாகரிகமாக இருந்திருக்கும். ஆனால் எழுபத்திரண்டு வயதில் கபடி ஆடுகளத்தின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆட்டக்காரர்களுக்கு அடித்த மருந்தின் மிச்சத்தைத் தன் முழங்காலுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டவளுக்கு இந்த நெடிதான் பொருத்தம்.

நீ போய் எட்டு மாதமாகிறது. உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ இருந்தபோது நான் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால் நம் ஊர் வடக்குப்பட்டு முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாய்.

செல்வத்தை நம் ஊர் அணியில் சேர்க்கலாமா என்று கூட்டம் போட்ட அந்த மாலையைச் சொல்கிறேன். மூன்று பக்கமும் கம்பெனிச் சுவர் எழும்பிய பிறகு நமக்கு மிஞ்சிய திடலில், அணித்தலைவன் முருகேசன் நின்றான். நாற்பது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த செல்வம் சற்றுத் தள்ளி, தோள்பையை இறக்காமலே நின்றிருந்தான். ஒரு கம்பெனி அணிக்காக வலது மூலையில் நின்று, பாடி வருபவரின் காலைப் பிடிப்பவன் அவன். பிடி தவறுகிறதென்று அணியிலிருந்து நீக்கினார்கள். ஆட்டத்துக்காகக் கொடுத்த ஒப்பந்த வேலையும் தங்கிய அறையும் சேர்ந்தே போயின. நம் அணியும் வேண்டாமென்றால் அக்கா கணவரின் செங்கல் சூளைக்குத் திரும்ப வேண்டியதுதான். அதன் பிறகு அவனுக்குக் கபடி இல்லை.

முதலில் எழுந்தவன் பாபு. செல்வம் வந்தால் அவனுக்குப் பக்கத்திலேயே நின்று ஆட வேண்டியவன்.

"கம்பெனியே கழட்டி வுட்டுட்சி. நாம இன்னாத்துக்கு தூக்கி தலையில வெச்சிக்கணும்? மேடம் நோட்டுல எல்லாம் கீது, கேட்டுப் பாருங்க."

முப்பது ஆண்டு சென்னைக் கல்லூரியொன்றில் புள்ளியியல் கற்பித்தவள் என்பதால் என் நோட்டுக்கு ஊரில் மதிப்பிருந்தது. தொழிற்பேட்டைப் போட்டிகளில் நீயும் நானும் பார்த்த மூன்று ஆட்டங்களின் குறிப்பைப் படித்தேன். செல்வம் முயன்ற பிடிகள் ஏழு. தவறியவை ஏழு. மூன்று ஆட்டங்களில் ஒருவன் மாறாமல் தோற்றிருக்கிறான் என்றால் அதை நம்பத்தான் வேண்டும் என்று சொல்லி உட்கார்ந்தேன். என் குரலில் திருப்தி இருந்ததை நீ கவனித்திருப்பாய்.

"ஏ ப்ரொபசர், ஏழு வாட்டி கால புடிச்சான் இல்ல? புடிச்சத எய்தினியா?" என்றாய்.

"பிடித்தான், விட்டுவிட்டான். முடிவைத்தான் எழுத முடியும்."

"முடிவ எய்த நீ எதுக்கு? போர்டுலயே போட்டுக்கினு கீறானுங்களே."

எல்லோரும் சிரித்தார்கள். முப்பதாண்டு வகுப்பறையில் எந்த மாணவியும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊராரின் பேச்சை இணைத்தே ஓய்வு பெற்ற உனக்கு, யார் பேச்சிலும் குறுக்கிடும் உரிமை பணிக்காலத்தோடு முடியவில்லை.

நம் ஊர் வழக்கம் இருக்கிறதே: வெளியூர்க்காரன் ஆட வேண்டுமானால் ஏதாவதொரு வீடு அவனுக்குச் சோறு போட முன்வர வேண்டும், பேனரில் அந்த வீட்டுப் பெயரோடுதான் அவன் பெயர் வரும். தோற்றால் அந்த வீட்டுக்கும் சேர்த்தே ஏச்சு. முருகேசன் கேட்டான். ஒரு கையும் எழவில்லை. செல்வம் முதல்முறையாக வாய் திறந்தான்.

"ஒரே ஒரு ஆட்டம் குடுங்கண்ணே. சரியா வரலன்னா அன்னைக்கே பஸ் ஏறிப் போயிருதேன்."

நீ கையைத் தூக்கினாய். "எங்க வூட்டுப் புள்ளன்னு எய்திக்கோ. சோறு ப்ரொபசர் வூட்ல."

உன் சமையலை அறிந்தவர்கள் அந்த ஏற்பாட்டை எதிர்க்கவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை. சேர்க்கக் கூடாதென்று வாதாடிய நான் அன்றிரவே அவனுக்கு வத்தக்குழம்பு பரிமாறினேன்.

அவன் கேட்ட அந்த ஒரே ஆட்டம் மண்ணூரில் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில். முதல் பாதியில் செல்வம் மூன்று முறை கணுக்காலைப் பிடித்தான். மூன்று முறையும் பாடி வந்தவன் இழுத்துக்கொண்டு கோட்டைத் தொட்டான். செல்வம் அவுட்டாகி வெளியே நடந்தான். நம் ஊர்க்காரர்களே கூச்சலிட்டார்கள். "சோறு போட்ட வூட்டுக்காரி எங்கடா?" என்று ஒருவன் உன் காதில் விழவே கேட்டான். இடைவேளையில் நாம் ஆறு புள்ளி பின்தங்கியிருந்தோம். பழைய ஏழோடு சேர்த்து எட்டு, ஒன்பது, பத்து என்று நான் எழுதிக்கொண்டிருந்தேன். நீ என் பேனாவைப் பிடுங்கினாய்.

"எய்தாத. மூணு வாட்டியும் பாபு எங்க நின்னான், சொல்லு பாப்போம்?"

என் நோட்டில் அதற்கு இடமே இல்லை.

நீ முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாபுவிடம் நடந்தாய். நானும் வந்தேன், பேனாவை வாங்குவதற்காக.

"இன்னாடா, அவன் கால புடிச்சிகினு தொங்கறான், நீ வேடிக்கை பாத்துகினு நிக்கிற?"

"அவன் எப்டியும் வுட்டுடுவான் ஆயா. நானும் போய் வியுந்தா நானும் அவுட்டு."

"நீ வியாததால தாண்டா வுடறான். ஒத்த ஆளு எவ்ளோ நேரம் புடிப்பான்? ஒரே ஒரு வாட்டி வியு. போச்சின்னா என்னை வந்து திட்டு."

பாபு கெட்டவன் அல்லன். நம்பாத ஒருவன் பிடித்த காலில் போய் விழ யாருக்கும் மனம் வராது. அந்தக் கம்பெனி அணியிலும் இதுதான் நடந்திருக்கிறது. முதலில் பிடித்தவன் பெயரில் தோல்வியை எழுதுவது எல்லோருக்கும் வசதி. எனக்கும் வசதியாகத்தான் இருந்தது.

இரண்டாம் பாதியில் செல்வம் பிடித்த முதல் காலின் மேல் பாபு கண்ணை மூடிக்கொண்டு விழுந்தான். பாடி வந்தவன் அசையவில்லை. பாபுவுக்கே அது ஆச்சரியம். அதற்கடுத்த பிடிக்கு மூன்று பேர் விழுந்தார்கள். புள்ளிகள் நெருங்கின, சமமாயின, ஒன்று கூடியது. கடைசி அரை நிமிடத்தில் இருபத்தெட்டுக்கு இருபத்தேழு. மண்ணூரின் சிறந்த ஆட்டக்காரன் பாடி வந்தான். அவன் ஓராளைத் தொட்டுத் திரும்பினாலும் நம் வெற்றி போயிற்று. வலது மூலைக்குக் கால் நீட்டினான். செல்வம் விழுந்தான், கணுக்கால் இரு கைக்குள் சிக்கியது. செல்வம் இழுபட்டான், மண்ணில் ஒரு முழம், இரண்டு முழம். கோட்டுக்கு ஒரு சாண் இருக்கையில் பாபு பாடி வந்தவனின் இடுப்பில் பாய்ந்தான். அவன்மேல் முருகேசன், அவன்மேல் மற்றவர்கள். புழுதி அடங்குமுன் விசில் ஒலித்தது.

நான் எழுந்து நின்று கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை நீ பலரிடம் சொல்லியிருக்கிறாய். இங்கே எழுதத் தேவையில்லை. செல்வத்தைத் தோளில் தூக்கியவர்களில் முதல் ஆள் பாபு. "எங்க ஆளுடா!" என்று மண்ணூர்க்காரர்களைப் பார்த்து மார்தட்டினான்.

"இன்னா ப்ரொபசர், நோட்டு இன்னா சொல்லுது?" என்றாய்.

"ஓர் ஆட்டத்தை வைத்து முடிவுக்கு வர முடியாது. தரவு போதாது."

இருமல் வரும்வரை சிரித்தாய்.

இப்போது தரவு போதுமான அளவு சேர்ந்துவிட்டது. வேறொரு கம்பெனி செல்வத்தை எடுத்துக்கொண்டது, நிரந்தர வேலையில். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நம் ஊருக்குத்தான் ஆடுவேன் என்று பேசிவிட்டே கையெழுத்திட்டான். மதியச் சோறு என் வீட்டில்தான். குழம்பில் உப்புக் குறைகிறது என்று சொல்லும் துணிச்சலும் வந்துவிட்டது. மண்ணூர் இதுவரை நம்மை வெல்லவில்லை.

என் நோட்டில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது. பிடி தவறினால் பிடித்தவன் பெயரோடு, பக்கத்தில் நின்று பார்த்தவன் பெயரையும் எழுதுகிறேன். சென்ற மாதம் தன் பெயரை இருமுறை பார்த்துவிட்டு பாபு என்னிடம் நான்கு நாள் பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும், இப்போது எல்லோருக்கும் முன்னால் விழுகிறான்.

செல்வத்தைப் பற்றி உன்னோடு வாதாடித் தோற்றதையும் அதில் எழுதிவைத்திருக்கிறேன். அந்த வரியில் மட்டும் பக்கத்தில் நின்றவர் கட்டம் காலியாக இருக்கிறது. அது முழுக்க என் தோல்விதான்.