வீட்டுக் கயிற்றில் ஒரு கிளிப்

செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பட்டாணியின் அம்மாவுக்கு,

உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நானும் பட்டாணியும் சுகம். நீ நர்ஸ் படிப்புக்காகக் கிளம்பிப் போய் நாலு மாதம் ஆகிவிட்டது. மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் இன்னும் "என்னங்க, உங்க வீட்ல சத்தமே காணோம்?" என்று கேட்கிறார்கள். நீ பால்கனியில் நின்று கூப்பிட்டால் தெருமுனைக் கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்ப்பாரே! இப்போது நாங்கள் இருவரும் நூலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மாதிரிப் பேசிக்கொள்கிறோம். குரல் விஷயத்தில் உன் மகள் என்னைத்தான் உரித்து வைத்திருக்கிறாள்.

பட்டாணியைச் சேர்த்திருக்கும் பிள்ளைகள் கிளப்பைப் பற்றி நீ கேட்டிருப்பவை மொத்தம் பதினோரு கேள்விகள். எண்ணிப் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டதிலிருந்து ஆறு மணி வரை இருபத்துநாலு பிள்ளைகள், பார்த்துக்கொள்ள மூன்று பேர். ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. கழிப்பறை சுத்தம். "கண்ணால பாத்தீங்களா?" என்று நீ அடுத்த கடிதத்தில் கேட்பாய் என்று தெரிந்து, நானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

என்ன செய்கிறார்கள் என்று கேட்டாய். இந்த வாரம் அட்டைப்பெட்டிகளால் ஒரு ஊர் கட்டுகிறார்கள். பட்டாணி தீப்பெட்டியில் நூல் கட்டி ஒரு லிஃப்ட் செய்திருக்கிறாள். லிஃப்ட் மெக்கானிக் மகள் வேறென்ன செய்வாள்? மேலே போகிறது, கீழே இறங்க மாட்டேன் என்கிறது. ஆனாலும் ரப்பரையும் பென்சில் துண்டையும் ஏற்றிவிட ஒரு வரிசையே நிற்கிறதாம்.

அங்கே இருக்கிறவர்களில் மாவு அக்காதான் எனக்குப் பிடித்தவர். பிள்ளைகள் விளையாடச் சாய மாவு பிசைந்து தருவதால் அந்தப் பெயர். யார் சாப்பிட்டார்கள், யார் மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தார்கள் என்பதெல்லாம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பார். வாசலில் இரண்டு கயிறு கட்டியிருக்கிறது. ஒன்று "உள்ளே", மற்றது "வீடு". ஒவ்வொரு பிள்ளைக்கும் படம் ஒட்டிய ஒரு துணி கிளிப். கூட்டிப்போக ஆள் வந்து ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டதும் கிளிப் வீட்டுக் கயிற்றுக்கு மாறும். பட்டாணியின் கிளிப்பில் ஒரு நத்தை. அவளே வரைந்தது.

ஆறு மணிக்குப் பிறகு மாதத்தில் மூன்று முறை தாமதமாகப் போனால் இடம் போய்விடும். காத்திருப்போர் பட்டியல் அவ்வளவு நீளம். எனக்குச் சில நாள் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகிவிடுகிறது. மாவு அக்கா எப்படியோ சமாளித்துக்கொள்கிறார். அவர் பதிலுக்குக் கேட்டது ஒன்றே ஒன்று. சாமான் அறைக் கதவு உள்ளிருந்து திறக்க மாட்டேன் என்கிறதாம். "லிஃப்டையே ரிப்பேர் பண்றவர், உங்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?" என்றார். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லி இரண்டு ஞாயிறு ஓடிவிட்டது.

இதையெல்லாம் மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் பரீட்சைக்குப் படி. இங்கே ஒரு குறையும் இல்லை.

உன்,
பட்டாணி அப்பா


வியாழக்கிழமை

அன்புள்ள பட்டாணியின் அம்மாவுக்கு,

பட்டாணி நன்றாக இருக்கிறாள். அவள் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் தெரிந்துகொண்டு மீதியைப் படி. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசும்போது அவள் பக்கத்திலேயே நிற்கிறாள். அதுவும் சாக்குத்தான். உன் குரலைக் கேட்டுக்கொண்டே இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

போன கடிதத்தில் உன்னிடம் பாதியை மறைத்தேன். சில நாள் பத்துப் பதினைந்து நிமிடம் என்று எழுதினேன். இரண்டு மாதமாக வாரத்தில் மூன்று நாள், அரைமணி நேரம் தாமதம். மாவு அக்கா சமாளித்தது இப்படித்தான்: ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நத்தைக் கிளிப்பை வீட்டுக் கயிற்றுக்கு மாற்றிவிட்டு, என் கையெழுத்தையும் அவரே போட்டுவிடுவார். எல்லோரும் போன பிறகு தரையைத் துடைத்துப் பூட்டுவது அவர் வேலை; அதுவரை பட்டாணியைத் தன்னோடு வைத்துக்கொள்வார். அவராக முன்வந்து செய்ததல்ல. நான் கெஞ்சிக் கேட்டேன். "இடம் போயிட்டா அவ அம்மா படிப்பைப் பாதியில விட்டுட்டு வரணும்க்கா" என்றேன். உன் பெயரைச் சொல்லித்தான் அந்தப் பொய்யை வாங்கினேன்.

போன வியாழக்கிழமை மாவு அக்காவுக்குப் பல்வலி தாங்கவில்லை. கன்னம் வீங்கி, ஐந்தரைக்கே கிளம்பிவிட்டார். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் எங்கள் கிளிப்பை மாற்றி, கையெழுத்தும் போட்டுவிட்டார். எனக்குப் போன் செய்திருக்கிறார். நான் ஒரு ஆபீஸ் கட்டடத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்ட நாலு பேரை வெளியே எடுத்துக்கொண்டிருந்தேன். போன் பையில் கிடந்தது. யாரிடமும் சொல்லிவிட்டுப் போக அவரால் முடியாது. சொன்னால் எங்கள் ஏற்பாடு வெளியே வந்துவிடும். பட்டாணியிடம் மட்டும், "அப்பா வர்ற வரைக்கும் இங்கயே இருடா கண்ணு" என்று சொல்லியிருக்கிறார்.

அவள் சும்மா இருப்பாளா? அட்டை ஊரின் மிச்சப் பெட்டிகளை எடுத்து வைக்கச் சாமான் அறைக்குள் போயிருக்கிறாள். கதவு சாத்திக்கொண்டது. ஆறு மணிக்கு நிர்வாகி அம்மா வாசலில் நின்று கயிற்றைப் பார்த்தார். இருபத்துநாலு கிளிப்பும் வீட்டுக் கயிற்றில் இருந்தன. விளக்கை அணைத்து, பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மணி ஆறு நாற்பது. கட்டடம் இருட்டாக இருந்தது. மாவு அக்கா போனை எடுக்கவில்லை. நிர்வாகி அம்மா எடுத்தார். "நீங்க கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போயிட்டீங்களே சார், என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?" என்றார். நான் கூட்டிப்போகவில்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது தெரியுமா? என் குழந்தையைக் காணோம் என்கிற அந்த நேரத்திலும், அந்தக் கையெழுத்துக்கு என்ன பதில் சொல்வது என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த ஒரு கணத்தை உனக்கு எழுதாமல் விட்டுவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

தெருவெல்லாம் ஓடினேன். பூங்கா, பேருந்து நிறுத்தம், அவள் சிநேகிதி வீடு, நம் வீட்டு மாடிப்படி. ஏழரைக்கு நிர்வாகி அம்மா சாவியோடு வந்து கதவைத் திறந்தார். ஒவ்வொரு அறையாக விளக்கைப் போட்டுக் கூப்பிட்டோம். பதிலே இல்லை. அந்த அம்மா போலீசுக்குப் போன் செய்யப் போனார். நான் நடையில் அப்படியே நின்றேன். அப்போதுதான் அடுக்கி வைத்த பாய்களுக்குப் பின்னால், சாமான் அறைக்குள்ளிருந்து, நாங்கள் வீட்டில் பேசுகிற அதே மெல்லிய குரலில் யாரோ எண்ணுவது கேட்டது. நாற்பத்துமூன்று. நாற்பத்திரண்டு. நாற்பத்தொன்று.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் போனில் சொல்வதை அவள் எத்தனை தடவை கேட்டிருக்கிறாள்! கத்தாதீங்க, கதவைத் தட்டாதீங்க, தரையில உக்காருங்க, நூறுல இருந்து பின்னால எண்ணுங்க, ஆள் வந்துருவாங்க. கதவைத் திறந்தேன். பெட்டிகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடை நனைந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்து, "அப்பா, நான் கதவைத் தட்டவே இல்லப்பா" என்றாள். நாங்கள் கூப்பிட்டதற்குப் பதில் சொன்னாளாம். கத்தக்கூடாது என்பதால் மெதுவாகச் சொன்னாளாம். அவளைத் தூக்கிக்கொண்டு அந்தத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

சனிக்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டார்கள். "இந்த மாதிரி ஆளைப் பிள்ளைங்க பக்கமே விடக்கூடாது" என்று ஒருவர் மாவு அக்காவைக் காட்டிப் பேசினார். பேசிவிட்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் எனக்காகத்தான் கொதித்துக்கொண்டிருந்தார்கள். மாவு அக்கா கடைசி நாற்காலியில், வீங்கிய கன்னத்தோடு, "தப்பு என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியே வரும்போது நிர்வாகி அம்மா என்னைத் தனியே அழைத்து, "விசாரணையில நீங்க எதுவும் சொல்ல வேண்டியதில்ல சார். பாப்பாவோட இடம் அப்படியே இருக்கும்" என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கிக்கொண்டு போய் அந்தக் கதவைப் பார்த்தேன். உள்பக்கத் தாழ்ப்பாளில் ஒரு ஸ்பிரிங் உடைந்திருந்தது. மாற்றிப் போட ஏழு நிமிடம்கூட ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு அதிகாரி வந்தார். ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி, இது உங்கள் கையெழுத்தா என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. போடச் சொன்னது நான்தான், இரண்டு மாதமாக நடக்கிறது, அந்தக் கதவைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி ஏமாற்றியதும் நான்தான் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை என் கையெழுத்தை நானே போட்டேன்.

வருகிற திங்கட்கிழமையிலிருந்து பட்டாணிக்கு அங்கே இடமில்லை. மாவு அக்காவை என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். "சொல்லாம இருந்திருந்தா பாப்பாவுக்கு இடமாவது மிஞ்சியிருக்கும்ல?" என்று கோபித்துக்கொண்டார். பட்டாணி சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று அதன் பிறகு கேட்டார். தூங்கும்போது கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறாள் என்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கம்பெனியில் இந்த மாதம் முழுக்கக் காலை வேலை கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்னவென்று தெரியவில்லை. உன் பரீட்சைக்கு நாற்பது நாள் இருக்கிறது. கிளம்பி வா என்றும் எழுத மாட்டேன், வராதே என்றும் எழுத மாட்டேன். உன்னைக் கேட்காமல் உன் பேரைச் சொல்லி நான் செய்த ஏற்பாடுகள் போதும். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். முதலில் நாலு பக்கம் திட்டி எழுது. அதற்கு நான் தகுதியானவன்.

இன்னொன்று. நேற்று அவளை மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், சத்தமாகக் கத்து பார்க்கலாம் என்றேன். "எவ்வளவு சத்தமாப்பா?" என்று கிசுகிசுத்தாள். முடிந்த மட்டும் என்றேன். வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கடைசியில், "நீங்க முதல்ல கத்திக் காட்டுங்க" என்றாள். எனக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது என்னிடம் அப்புறம் பேசு. முதலில் அவளிடம் பேசு. பால்கனியில் நின்று கூப்பிடுவாயே, அந்தக் குரலில் கூப்பிடு. அவளும் அதே மாதிரி உன்னைக் கூப்பிடும்வரை விடாதே. அக்கம்பக்கத்தார் வந்து கதவைத் தட்டட்டும். நான் போய்த் திறக்கிறேன்.

உன்,
பட்டாணி அப்பா